மூளைப் படிமமும் செயற்கை நுண்ணறிவும்: புத்தளக் கரையோரத்தை முன்வைத்து ஒரு மறுப்பு

2016ஆம் ஆண்டில் ரொறன்ரோ நகரில் நடைபெற்ற கருத்தரங்கொன்றில், கணினியியல் அறிஞர் ஜெஃப்ரி ஹின்டன், கதிரியக்க நிபுணர்களைப் பயிற்றுவிப்பதை உலகம் உடனே நிறுத்திவிடலாம் என்றார். ஐந்து ஆண்டுகளில், அன்றேல் பத்து ஆண்டுகளில், படிமங்களை வாசிக்கும் தொழிலிற் பொறி மனிதனை விஞ்சிவிடும் என்பது அவர் கணிப்பு. அவர் 2024இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். ஆதலின் அவ்வாக்கு எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. எனினும் 2025இல் அவரே, முன்னர்த் தாம் பேசியது அளவு கடந்து பரந்த கூற்று என ஒத்துக்கொண்டார். சொன்னவர் திருத்திக்கொண்டார், கேட்டவர்களோ இன்னும் திருந்தியபாடில்லை.

இக்கூற்று இலங்கைக்கு வந்து சேர்ந்தபோது அதற்குப் புதியதோர் உருவம் வாய்த்தது. தலைநகருக்கு அப்பாலுள்ள வைத்தியசாலைகளில் நரம்பியல் நிபுணர் இல்லை. கதிரியக்க நிபுணர் இரவில் இல்லை. ஆகவே பாரிசவாதத்தால் மூளைக்கு நேர்ந்த சேதத்தைப் படிமத்திற் கண்டு சொல்லும் செயற்கை நுண்ணறிவுப் பொறியொன்றை நிறுவிவிட்டாற் குறை நீங்கிவிடும் என்கின்றனர். பின்தங்கிய பிரதேசத்தின் மீதுள்ள பரிவிலிருந்தே இவ்வாதம் பிறப்பதாகத் தோன்றும். ஆனால் கற்பிட்டி முதல் சிலாபம் வரையிலான புத்தளக் கரையோரத்தை முன்னிறுத்தி இதனைச் சோதித்தால், பரிவின் பெயரால் ஒரு கடமை கைகழுவப்படுவதைக் காணலாம்.

முதலிற் பொறி செய்யும் வேலை யாதென நோக்க வேண்டும். பாரிசவாதம் இரு வகைப்படும். மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய் அடைபடுவதால் வருவது ஒன்று. குழாய் வெடித்துக் குருதி கசிவதால் வருவது மற்றொன்று. கட்டிலருகே நின்று பார்க்கும் வைத்தியருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்: வாய் கோணும், ஒரு பக்கத்துக் கை வீழும், நாக் குழறும். சிகிச்சையோ நேர் எதிரானது. அடைப்பைக் கரைக்கும் மருந்தைக் குருதிக் கசிவு உள்ளவருக்கு ஏற்றினால் அதுவே அவரைக் கொல்லும். எனவே சீ.ரி. படிமம் எடுக்காமல் அம்மருந்தை எவரும் தொட முடியாது. 1971இல் இலண்டனில் கோட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்ட் அமைத்த கருவி முதன்முதலாக ஒரு நோயாளியின் மூளையைப் படமெடுத்த நாள்தொட்டு இவ்விரண்டையும் வேறுபிரித்தறியும் வழி மனிதனுக்குக் கிட்டியது.

ஹவுன்ஸ்ஃபீல்டின் அளவுகோலில் நீரின் பெறுமானம் 0. வளியின் பெறுமானம் மறை 1000. புதிதாகக் கசிந்த குருதி 50க்கு மேல் நிற்கும். ஆகவே அது படிமத்தில் வெண்மையாகப் பளிச்சிடும். அடைப்பினால் வரும் சேதம் அவ்வாறு பளிச்சிடுவதில்லை. குருதி கிட்டாத இழையத்தில் நீர் சிறிது சிறிதாக ஏறுகிறது; நீர்ச்செறிவு நூற்றுக்கு ஒரு பங்கு கூடினால் அளவுகோலில் இரண்டு அல்லது மூன்று அலகுகளே குறைகின்றன. நோய் தொடங்கிய முதல் ஓரிரு மணி நேரத்திற் சாம்பற்பொருளுக்கும் வெண்பொருளுக்கும் இடைப்பட்ட எல்லை சற்றே மங்குவதைத் தவிர வேறொன்றும் தென்படாது. பல வேளைகளில் அதுவும் தென்படாது. தேர்ந்த கண்கள் இரண்டு ஒரே படிமத்தைப் பார்த்து மாறுபட்ட முடிவு கூறுவதும் உண்டு. இந்த மாறுபாட்டைக் குறைப்பதற்கென்றே 2000ஆம் ஆண்டிற் கனடாவின் கல்கரி நகர ஆய்வாளர்கள், நடு மூளைத் தமனி ஊட்டும் பகுதியைப் பத்துக் கூறுகளாகப் பிரித்து, சேதமுற்ற கூறு ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி கழிக்கும் முறையை வகுத்தனர். பின்னாளிற் கணினி அதே புள்ளிகளைத் தானே எண்ணக் கற்றுக்கொண்டது.

ஆகவே பொறி பயனற்றதென்பது இக்கட்டுரையின் வாதமன்று. 2018இல் வெளியான டோன் ஆய்வு, நோய் தொடங்கி 6 மணி முதல் 24 மணி நேரம் கடந்தோரிலும் தக்கவர்களைத் தெரிந்தெடுத்துக் குழாயினூடாகக் கட்டியை அகற்றினாற் பயனுண்டு என நிறுவியது. அத்தெரிவுக்கு, இறந்த இழையத்தின் பருமனைக் கணித்துச் சொல்லும் மென்பொருள் துணைநின்றது. அதே ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பெருங்குழாய் அடைப்பைக் கண்டவுடன் நிபுணரின் கைத்தொலைபேசிக்குச் செய்தி அனுப்பும் பொறியொன்றுக்கு அனுமதி வழங்கியது. இவை மெய்யான பேறுகள். பொறி என்றாலே முகஞ்சுளிப்போரும், மனித உறவு கெட்டுவிடும் எனப் புலம்புவோரும் இங்கு உண்டு. மூச்சடங்கிக் கிடக்கும் நோயாளிக்கு அப்புலம்பலாற் பயனேதும் இல்லை. அவர்களோடு வாதிட இடம் வீணாக்க வேண்டியதில்லை.

வாதம் எண்களோடுதான். இத்துறையில் இந்தியாவிலிருந்து எழுந்த பெரும் ஆய்வு 2018இல் லான்செற் ஏட்டில் வெளிவந்தது. மும்பையைச் சேர்ந்த குயர் ஏஐ நிறுவனத்தார் இந்தியாவின் ஏறத்தாழ 20 நிலையங்களிலிருந்து 3 இலட்சத்துக்கு மேற்பட்ட தலைப் படிமங்களைத் திரட்டிப் பொறியைப் பயிற்றினர். பின்னர் 491 படிமங்களைத் தனியே வைத்து, மூன்று கதிரியக்க நிபுணர்களின் பெரும்பான்மை முடிவோடு பொறியின் முடிவை ஒப்பிட்டனர். அப்படிமங்களை எவரும் எடுத்தாளுமாறு பொதுவில் வெளியிட்டமை பாராட்டுக்குரிய செயல். குருதிக் கசிவைக் கண்டறிவதில் ஒன்றுக்கு 0.94 என்னும் உயர்ந்த திறன் மதிப்பைப் பொறி எட்டியது. விளம்பரங்களில் இந்த 0.94 மட்டுமே இடம்பெறும்.

அவ்வெண்ணுக்குள் இருப்பது என்ன? பொறி எந்தப் படிமத்தையும் ‘உண்டு’, ‘இல்லை’ என்று தானாகப் பிரிப்பதில்லை. ஐயத்தின் அளவை ஓர் எண்ணாகத் தருகிறது. அவ்வெண் எவ்வளவுக்கு மேற்பட்டால் ‘உண்டு’ எனக் கொள்வது என்பதை மனிதர் நிர்ணயிக்கின்றனர். கசிவு எதுவும் தப்பக்கூடாதென்று வாசலைத் தாழ்த்தியபோது, அவ்வாய்வில் 100 கசிவுகளுள் ஏறத்தாழ 95 பிடிபட்டன. ஆனால் கசிவு இல்லாத 100 படிமங்களுள் ஏறத்தாழ 29 படிமங்களிற் கசிவு உண்டெனப் பொறி கூறிற்று. பொய்யுரை குறைய வேண்டுமென்று வாசலை உயர்த்தியபோது, அந்த 29 ஏறத்தாழ 10 ஆகக் குறைந்தது. ஆனால் 100 கசிவுகளுள் 18 கண்ணுக்குத் தப்பின. பின்வந்த பொறிகள் இதனினும் திருத்தமானவை என்பதை ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்ற இவ்விதி எந்தப் பொறிக்கும் பொதுவானது.

இதனைக் கட்டிலருகே கொண்டுசென்று பார்த்தால் நிலைமை விளங்கும். நிபுணர் பக்கத்து அறையில் இருக்கும் வைத்தியசாலையிற் பொறி தவறாகக் கூவினால், நிபுணர் ஒரு நிமிடத்திற் படிமத்தைப் பார்த்து அக்கூவலைத் தள்ளிவிடுவார். அங்கே பொறி வரிசையை ஒழுங்குபடுத்தும் ஏவலாள். நிபுணரே இல்லாத இடத்தில் அதே பொறி தீர்ப்பாளராகிவிடுகிறது. பொய்யாகக் கசிவு கூறப்பட்டவர் கரைக்கும் மருந்தை இழப்பார். கசிவு தப்பவிடப்பட்டவர் அம்மருந்தால் இறப்பார். நிபுணர் இல்லாத இடத்துக்கே பொறி மிகப் பொருத்தம் என்ற வாதம் இங்கே தலைகீழாகின்றது. நிபுணரின் மேற்பார்வை எங்கே மிகக் குறைவோ அங்கேதான் பொறியின் பிழைக்கு மிகுந்த விலை கொடுக்க நேரும்.

இனிக் கரையோரத்துக்கு வரலாம். கற்பிட்டித் தீபகற்பம், ஒருபுறம் கடலும் மறுபுறம் புத்தளம் களப்பும் அணைத்து நிற்கும் ஒடுங்கிய மணல் நிலம். வெளியேறுவதற்குப் பாலாவிச் சந்தி நோக்கி ஏறத்தாழ 40 கிலோமீற்றர் நீளமான ஒரே பெருவீதி. அதற்கு அப்பாற் பத்தலங்குண்டு முதலான தீவுகளில் வாடியமைத்துத் தொழில் செய்யும் மீனவர்க்கு அவ்வீதியை அடையவும் வள்ளம் வேண்டும். மருந்தேற்றும் எல்லையோ கறாரானது. 1995இல் அமெரிக்க ஆய்வு 3 மணி நேரம் என வகுத்ததை, 2008இல் ஐரோப்பிய ஆய்வு நாலரை மணி நேரமாக நீட்டியது. பெருங்குழாய் அடைபட்ட ஒரு மூளையில் நிமிடத்துக்கு 19 இலட்சம் நரம்புக் கலங்கள் மடிகின்றன என 2006இல் ஜெஃப்ரி சேவர் கணக்கிட்டார்.

கந்தக்குழியில் ஒரு மீனவர் அதிகாலையிற் கையசைவு இழந்து வீழ்கிறார் எனக் கொள்வோம். அது பாரிசவாதம் என வீட்டார் உணர ஒரு மணி நேரம் கழியும். சிறிது படுத்தெழுந்தாற் சரியாகிவிடும் என்பாரும், எண்ணெய் தேய்க்க ஆளனுப்புவாரும் அயலில் இருப்பர். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும் என்பதை அறிந்தோர் அழைப்பர். 2016இல் இந்திய நன்கொடையோடு தொடங்கிப் பின்னர் நாடெங்கும் விரிந்த அச்சேவை, இந்த நூற்றாண்டில் இந்நாட்டு ஏழைகளுக்குக் கிட்டிய பெரும் பேறுகளுள் ஒன்று. வண்டி அவரை அருகிலுள்ள வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும். அங்கே கருவியோ மருந்தோ இல்லையெனின் அடுத்த வைத்தியசாலைக்கு மாற்றம். புத்தளத்திலிருந்து தெற்கே சிலாபத்துக்கு ஏறத்தாழ 50 கிலோமீற்றர். அனுராதபுரத்துக்கு ஏறத்தாழ 75. குருநாகலுக்கு அதனினும் அதிகம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கடிதம், வண்டி, காத்திருப்பு. இந்தத் தொடரிற் பொறி மீட்டுத் தருவது எந்தக் காலத்தை? படிமம் எடுத்து முடிந்த கணத்துக்கும் அதனை ஒருவர் வாசிக்கும் கணத்துக்கும் இடைப்பட்டதை மட்டுமே. அது சில நிமிடங்களாகலாம். இரவில் ஒரு மணி நேரமும் ஆகலாம். ஆனால் நாலரை மணி நேரம் படிம மேசையை அடையுமுன்பே கரைந்துவிடுமாயின், அடைபட்ட குழாயைத் திறக்கும் மருந்துக்கு வழியற்றுப்போன மூளைக்குச் சேதத்தின் எல்லையைத் துல்லியமாக வரைந்து காட்டுவதே பொறியின் வேலையாக எஞ்சும்.

பெருங்குழாய் அடைப்பை அறிவிக்கும் பொறியின் கதி இன்னும் வேடிக்கையானது. கட்டியைக் குழாயினூடாக அகற்றும் குழு அமெரிக்க நகரங்களிற் கூப்பிடு தூரத்தில் உள்ளது. கைத்தொலைபேசிச் செய்தி அக்குழுவை எழுப்பத்தான். எழுப்பப்பட வேண்டியவர் கொழும்பில் இருக்க, மணியை மட்டும் புத்தளத்திற் கட்டித் தொங்கவிடுவதாற் பயன் யாது?

நுரைச்சோலை அனல்மின் நிலையம் 2011 முதல் படிப்படியாக எழுந்து 900 மெகாவாற் மின்னை நாட்டுக்கு ஈந்துவருவது இக்கரையிலிருந்தே என்பதையும் இடையே நினைவூட்டலாம். மின்வலு இங்கிருந்து கொழும்புக்குத் தடையின்றிச் செல்ல வழி கண்ட நாடு, நோயாளி ஒருவர் நாலரை மணி நேரத்துள் மருந்தண்டை செல்லும் வழியைக் காணவில்லையெனின், குறை தொழில்நுட்பத்தில் இல்லை.

பொறியை ஆதரிப்போர் தவறாமல் எடுத்துக்காட்டுவது அசாம் மாநிலத்துத் தேஸ்பூரிலுள்ள பப்ரிஸ்ற் கிறிஸ்தியன் மருத்துவமனையை. தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த அப்பகுதியில் நரம்பியல் நிபுணரின்றிப் பொது வைத்தியர்களே பாரிசவாதத்துக்குச் சிகிச்சையளிக்கின்றனர். குயர் ஏஐயின் பொறி படிமங்களை வாசிக்க உதவுகின்றது. இது மெய். ஆனால் இவ்வுதாரணம் யார் பக்கம் சாய்கின்றது? அங்கே முதலிற் பாரிசவாதத்துக்கென ஒரு தனிப் பிரிவு அமைந்தது. வைத்தியரும் தாதியரும் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் பயிற்றப்பட்டனர். நோயாளிக்கு விழுங்கும் திறன் உண்டா எனச் சோதித்த பின்னரே உணவூட்டுதல், படுக்கைப் புண் வராமற் புரட்டுதல், முதல் நாட்களிலேயே உடலை இயக்கத் தொடங்குதல் என்னும் ஒழுங்கு வழக்கமாயிற்று. அந்த ஒழுங்குக்குள் வந்தமர்ந்த துணைக்கருவியே பொறி. தனிப் பிரிவில் ஒழுங்குபட்ட பராமரிப்புப் பெறுவோரில், பொது வார்டில் கிடப்போரை விட அதிகமானோர் உயிர்பிழைத்துத் தம் காலில் வீடு திரும்புகின்றனர் என்பது பல நாட்டுச் சோதனைகள் ஒன்றுகூடி நிறுவிய முடிவு. அதற்கு நுண்ணறிவுப் பொறி எதுவும் தேவைப்படவில்லை. கட்டிலும் தாதியும் பயிற்சியும் தேவைப்பட்டன. தேஸ்பூரைக் காட்டுவோர் தேஸ்பூரின் பொறியை மட்டும் பெயர்த்தெடுத்து வர நினைப்பது, கிணறு வெட்டாமல் துலாவை நட்டுத் தண்ணீர் எதிர்பார்ப்பதாகும்.

தரவின் கதையும் ஆராயத்தக்கது. பாரிசவாதச் சேதத்தின் எல்லையைக் கணினிக்குக் கற்பிக்க, மனிதர் முதலில் ஒவ்வொரு படிமத்திலும் அவ்வெல்லையைக் கையால் வரைந்து காட்ட வேண்டும். தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் தலைமையில் 2022இல் வெளியான அற்லஸ் தொகுதியின் இரண்டாம் பதிப்பில் இவ்வாறு வரையப்பட்ட 1,271 காந்தப் படிமங்கள் உள்ளன. அவற்றுள் 655 பயிற்சிக்கென வரைவோடு வழங்கப்பட்டன. உலகெங்கும் நூற்றுக்கணக்கான ஆய்வேடுகள் இத்தகைய தொகுதிகளை நம்பி எழுதப்படுகின்றன. ஆனால் நோய் எல்லா மக்களிடத்தும் ஒரே சாயலில் வருவதில்லை. ஐரோப்பியரோடு ஒப்பிடுகையில் ஆசிய மக்களிடையே குருதிக் கசிவின் பங்கும், மண்டையோட்டுக்குள் உள்ள குழாய்களே தடித்து ஒடுங்குவதன் பங்கும் அதிகம். கொழும்பு நகரில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வு, வயதுவந்தோரில் 1000 பேருக்கு ஏறத்தாழ 10 பேர் பாரிசவாதத்துக்கு உள்ளானவர் எனக் கண்டது. உப்பளங்கள் நிறைந்த, கருவாடு அன்றாட உணவான ஒரு கரையில் உயர் குருதியமுக்கம் எவ்வளவு, பழைய சேதத்தின் தழும்புகளைச் சுமந்த மூளைகள் எத்தனை என்பவற்றைக் கொழும்பின் எண்ணைக் கொண்டு ஊகிக்க இயலாது. பழைய தழும்பைப் புதிய சேதமெனக் கொள்வது பொறிக்கு எளிதில் நேரும் பிழை. எனவே இக்கரையோரத்து நோயாளரின் படிமங்களில், இங்கு பயன்படும் கருவிகள் எடுத்த படிமங்களில், சோதித்துப் பெற்ற எண்களை வெளியிடாமல் எந்தப் பொறியையும் எந்த வைத்தியசாலையும் விலைக்கு வாங்குதல் தகாது.

அச்சோதனைக்கும் ஒரு விலை உண்டு. படிமங்களைக் கொடுப்போர் இலவச வைத்தியசாலையின் வரிசையில் நிற்கும் மீனவரும் உப்பளத் தொழிலாளரும் 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு இக்கரையில் வந்து குடியேறிய முஸ்லிம் குடும்பத்தினரும் ஆவர். பொறியைத் திருத்தி விற்போர் வேறு. மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி மூழ்கியவன் ஒருவன், முத்தை அணிந்தவன் வேறொருவன் என்ற பழங்கதை இப்பகுதிக்குப் புதியதன்று. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சட்டம் சம்மதத்தைப் பற்றிப் பேசுகின்றது. நாக் குழறிக் கிடப்பவரிடமும் அவரருகே கலங்கி நிற்கும் மனைவியிடமும் அச்சம்மதத்தை எம்மொழியிற் கேட்பது?

மொழி இங்கே இரண்டாந்தரப் பிரச்சினையன்று. உடப்பிலும் கற்பிட்டியிலும் பாலாவியிலும் வீட்டுமொழி தமிழ். வைத்தியசாலையின் அன்றாடத் தொழில்மொழி பெரும்பாலும் சிங்களம். கதிரியக்க அறிக்கை ஆங்கிலம். இம்மூன்றுக்கும் மேலாகப் பொறியின் வண்ணக் கோடுகள் நான்காவது மொழியாக வந்து சேரும். சிவப்பாகக் காட்டப்பட்ட பகுதி இறந்துவிட்டதா, இறக்கப்போகின்றதா, அல்லது பொறியின் ஐயம் மட்டுமா என்பதை மகனுக்குத் தமிழில் எடுத்துரைக்க வல்லார் எத்தனை பேர்? தமிழிற் சொல்ல இயலாது என்பார்க்கு வரலாறு விடை கூறும். 1848இல் மானிப்பாயில் வைத்தியப் பணியைத் தொடங்கிய அமெரிக்கர் சாமுவேல் கிறீன், உடற்கூற்றியலையும் இரண வைத்தியத்தையும் இரசாயனவியலையும் தமிழ்ப்படுத்தி, தமிழிலேயே வைத்தியரைப் பயிற்றினார். அயல்நாட்டவர் ஒருவர் 19ஆம் நூற்றாண்டிற் செய்ததை இந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் 21ஆம் நூற்றாண்டில் தொடராதது கலைச்சொற் பஞ்சத்தால் அன்று. முகக் கோணல், கைத் தளர்வு, பேச்சுக் குழறல் ஆகிய மூன்றையும் கண்டால் உடனே 1990ஐ அழைக்க வேண்டும் என்ற ஒரு வரியைக் கற்பிட்டியின் ஒவ்வொரு வாடிக்கும் பள்ளிவாசலுக்கும் கோவிலுக்கும் தேவாலயத்துக்கும் தமிழிலும் சிங்களத்திலும் கொண்டுசெல்வதற்கு ஆகும் செலவு, பொறியின் உரிமக் கட்டணத்தோடு ஒப்பிடத் தகுதியற்ற அளவு சிறியது. அது மீட்டுத் தரும் காலமோ, வீட்டிலேயே வீணாகும் அந்த முதல் மணி நேரம்.

இவ்வளவுக்குப் பின்னும் பொறி வேண்டுமென்போர் ஒன்றுக்கு மறுமொழி கூறக் கடமைப்பட்டோர். 2022இல் நாடு கடனிறுக்க இயலாது முறிந்தபோது மருந்துகள் தீர்ந்தன. வைத்தியர் பலர் கடல் கடந்தனர். எஞ்சி நிற்கும் இளம் வைத்திய உத்தியோகத்தர் ஒருவர் இரவு இரண்டு மணிக்குத் தனித்துப் படிமத்தின் முன் அமர்ந்திருக்கிறார். பொறி ‘கசிவு இல்லை’ என்கின்றது. அவருக்கோ ஓர் ஓரத்தில் ஐயம். பொறியை நம்பி மருந்தேற்றி நோயாளி இறந்தால் விசாரணைக்கு அழைக்கப்படுபவர் அவர். பொறியை மறுத்து மருந்தை நிறுத்தி நோயாளி முடமானாலும் அழைக்கப்படுபவர் அவரே. பொறியை விற்ற நிறுவனத்தின் ஒப்பந்தம், இறுதி முடிவு வைத்தியருடையது என்று ஒரு வரியில் விலகிக்கொள்ளும். அவ்விரவில் அவர் தொலைபேசியிற் கூப்பிட்டால் விழித்திருந்து படிமத்தைப் பார்த்து மறுமொழி கூறும் நிபுணர் ஒருவரைச் சுழற்சி முறையில் மாகாணந்தோறும் நியமிப்பதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியதில்லை. படிமத்தை நொடியில் அனுப்பும் வசதி ஏற்கெனவே எல்லாரது சட்டைப்பையிலும் உள்ளது. வேண்டியது ஒரு பணியாளர் அட்டவணையும், அதற்கான மேலதிக நேரக் கொடுப்பனவும், அதிற் கையொப்பமிட ஓர் அதிகாரியும் மட்டுமே.